நிற்க வைத்து எடுத்த அளவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் வலது முழங்காலைத் தவிர, அதுவும் உட்கார்ந்து எழும்போது மட்டும்தான் நானும் இருக்கிறேன் என்று சொல்கிறது. நீயும் நன்றாக இருப்பாய் என்று நினைத்துத்தான் தினமும் கடையைத் திறக்கிறேன், இருந்தாலும் நீ போனில் நல்லாருக்கேன்ப்பா என்று சொல்லும்போதெல்லாம் பின்னால் ஏதாவது ஒரு வண்டிச் சத்தம் கேட்கிறது, என் மனசு உன் பேச்சை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போய்விடுகிறது. அப்பாவுக்கு இந்த வயசில் என்ன கடிதம் எழுதுகிற ஆசை என்று நீ சிரிப்பாய். நான் போனில் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியும், சாப்பிட்டியா, அங்க மழையா என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது. இது அப்படிச் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் கடை விடுமுறை நாளில் கட்டிங் மேசையைத் துடைத்து, அதன் மேலேயே பேப்பரை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து அங்கங்கே கோணினால் மேசையில் கத்தரி கீறிய பள்ளம் என்று எடுத்துக்கொள்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. வேண்டாம் வேண்டாம் என்று ஆறு மாதம் இழுத்தடித்தவள், புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்ததும் முதலில் பார்த்தது முன்னறைக் கடையில் என் மெஷினுக்கு அடியில் கிடந்த நூல் குப்பையைத்தான், அன்றோடு என் நிம்மதி போயிற்று. மாடிப்படியில் மூன்றாவது படி உடைந்துவிட்டது, வீட்டுக்காரர் நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்கிறார், நாங்கள் தாண்டி ஏறப் பழகிவிட்டோம், வருகிறவர்களுக்குத்தான் மேலே இருந்து கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் வேலைக்குக் குறைவில்லை. ஒரு ஹோட்டலில் பரிமாறுகிறவர்களுக்கு அறுபது வெய்ஸ்ட்கோட் தைக்கிறோம். அந்த மேனேஜர் மூணே சைஸ்ல அடிச்சுடுங்க மாஸ்டர், ஆளுங்களை நாங்க பார்த்து மாட்டிக்கிறோம் என்றார். நான் கேட்கவில்லை, ஒவ்வொருவரையும் கடைக்கு வரச் சொல்லி, தட்டு ஏந்துகிற மாதிரி கையைத் தூக்கச் சொல்லி, மேசை துடைக்கிற மாதிரி குனியச் சொல்லி, அப்புறம்தான் டேப்பை எடுக்கிறேன். என்ன மாஸ்டர், டான்ஸ் கத்துக் குடுக்கறீங்களா என்று ஒரு சர்வர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். முப்பத்தைந்து வருடம் ஆளை நிற்க வைத்தே அளவு எடுத்தவன் இப்போது எதற்கு எல்லோரையும் குனிய வைக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ வண்டி வாங்கிய செய்தி தெரிந்ததும் அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டி வாங்கியது நீ, பேச்சு நின்றது என்னோடு. உன் மேல் தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் கட்டுகிற நர்ஸ் எத்தனை பஸ் மாறிப் போக முடியும், அதுவும் மணிக்கு ஒரு பஸ் வருகிற ஊரில். மூன்றாம் நாள் அவளாகவே, ஓட்டட்டும், ஆனா ஒழுங்கா உடம்பை மூடிக்கிட்டு ஓட்டட்டும் என்றாள். அந்த வாரம்தான் நீ என்னிடம், அண்ணன் ஜாக்கெட் சும்மாதானேப்பா தொங்குது, எனக்கு அனுப்பி வைங்க, நான் போட்டுக்கிறேன் என்று கேட்டாய். நான் சரி என்றேன். சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. முதலில் தபால் ஆபீஸில் கூட்டம் என்றேன், அப்புறம் உடம்பு சரியில்லை என்றேன், கடைசியாக அனுப்ப அட்டைப்பெட்டி கிடைக்கவில்லை என்றேன். தையல்காரன் வீட்டில் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம், நீ அப்போதே சந்தேகப்பட்டிருப்பாய். அந்த ஜாக்கெட்டை நான் அனுப்பப் போவதில்லை அம்மாடி. நீ அதைப் போடக்கூடாது. அங்கேயே ஒரு நல்ல ஜாக்கெட்டாகப் பார்த்து வாங்கிக்கொள், எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன், சொல்லிக்கொண்டே வந்தால்தான் மற்றதையும் என்னால் சொல்ல முடியும்.

தோலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கையால் பார். ஒரு ஓரத்தை இரண்டு விரலால் மடித்து அழுத்து. நல்ல மாட்டுத்தோல் என்றால் மடிந்த இடத்தில் மெல்லிய சுருக்கம் விழும், விட்டதும் மெதுவாக எழுந்துகொள்ளும். மேலே பூச்சு அடித்து ஏமாற்றியது என்றால் மடிப்பில் சுவர்ப் பெயின்ட் வெடித்த மாதிரி கோடு தெரியும். கனம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், கடைக்காரர் ஒன்று புள்ளி இரண்டு என்று சொன்னால் சரியான ஆள்தான். மெல்லிசான செம்மறித்தோல் ஜாக்கெட்டைத் தொட்டால் கையை எடுக்க மனசு வராது, அதெல்லாம் விருந்துக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு. தோளிலும் முழங்கையிலும் பக்கவாட்டிலும் இரண்டு வரித் தையல் ஓடுகிறதா பார். தையல் ரொம்ப நெருக்கமாகவும் இருக்கக்கூடாது, தோலில் ஓட்டை நெருங்கினால் தபால்தலை கிழிகிற மாதிரி அந்த வரியிலேயே கிழிந்துவிடும். முழங்கை மேல் ஒட்டு வரக்கூடாது, ஒரே துண்டாக இருக்க வேண்டும். ஜிப் உலோகப் பல்லாக இருக்கட்டும், அதற்கு உள்பக்கம் உடம்பில் குத்தாமல் ஒரு பட்டை இருக்கட்டும். தோளுக்கும் முழங்கைக்கும் முதுகுக்கும் பேட் வைக்க உள்ளே பை இருக்கிறதா என்று கையை விட்டுப் பார், பை மட்டும் வைத்துவிட்டுப் பேடை அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள், அப்புறம் என்பது வரவே வராது, சேர்த்தே வாங்கிவிடு. பெரிய கம்பெனிப் பெயர் நெஞ்சில் எழுதியிருந்தால் விலையில் பாதி அந்த எழுத்துக்குத்தான் போகிறது, நீ தோலுக்கும் தையலுக்கும் கொடு, எழுத்துக்குக் கொடுக்காதே. பழையது வாங்கினாலும் கௌரவக் குறைச்சல் இல்லை, நல்ல தோல் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள், தோள்பட்டையில் மட்டும் பாலிஷ் புதிதாக மின்னினால் அது ஏற்கெனவே ஒரு தடவை ரோட்டில் உரசியது, பேசாமல் வைத்துவிட்டு வந்துவிடு.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் உன் அண்ணன் ஜாக்கெட் தேறிவிடும். தோல் நானே மண்டியில் நாள் முழுக்க நின்று புரட்டிப் புரட்டி எடுத்தது. இரட்டைத் தையல், நூலுக்கு மெழுகு தடவித் தைத்தேன். முழங்கையில் ஒட்டு இல்லை. மூன்று மாதம் விடுமுறை நாள் எல்லாம் அதற்கே போயிற்று, என் வாழ்நாளில் அவ்வளவு பொறுமையாக நான் எதையும் தைத்தது கிடையாது, உங்கள் அம்மாவின் கல்யாண ரவிக்கை உட்பட. அது தப்பாகப் போனது ஒரே இடத்தில்தான். நான் கோட் தையல்காரன். கோட் போடுகிறவன் நிற்பான், நடப்பான், போட்டோவுக்கு நிற்பான், அதனால் நாங்கள் ஆளை நிமிர்த்தி நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி அளவு எடுப்போம். அவனையும் அப்படித்தான் இதே மேசைக்கு முன்னால் நிற்க வைத்தேன். டேப்பை முதுகில் வைத்தபோது அவன் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஹேண்டில் பாரைப் பிடிக்கிற மாதிரி கொஞ்சம் குனிந்தான். வண்டியில இப்படித்தானேப்பா உட்காருவேன் என்றான். நான் அவன் கை இரண்டையும் பிடித்துக் கீழே தள்ளி, கூன் போடாதடா, நிமிர்ந்து நில்லு என்றேன். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து நின்றான். அவன் ஒரு படம் கூடக் கொண்டுவந்து காட்டினான், தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மடிப்பு வைத்த ஜாக்கெட், கை முன்னால் போகும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும். கோட்டுல எதுக்குடா கொசுவம் என்று நான் கேலி பண்ணினேன். நிற்கும்போது முதுகு பலகை மாதிரி சுருக்கம் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் கைக்கு அழகு என்று நினைத்தேன். தைத்து முடித்துப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றான், ஒரு சுருக்கம் கிடையாது. அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். நீ போட்டோ எடுத்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அப்பா, குனிஞ்சா முதுகுல இழுக்குதுப்பா என்றான். புதுத்தோல், பழகப் பழகத் தளரும் என்றேன். அடுத்த மாதம் கை மேல ஏறிக்குது, தோள்பட்டை மரத்துப்போகுது, ஹேண்டிலைத் திருப்ப முடியலை என்றான். நீ சரியா உட்காரத் தெரியாம உட்கார்ந்தா சட்டை என்ன பண்ணும் என்றேன். மூன்றாவது தடவை கடையில் வேலை செய்கிறவர்கள் முன்னால் சொன்னான், கொஞ்சம் பிரிச்சு விட்டுக் குடுங்கப்பா என்றான். துணியாக இருந்தால் பிரித்து விடலாம், தோலில் ஊசி போன ஓட்டை மூடாது, பிரித்தால் அந்த வரி முழுக்க ஓட்டையாக நிற்கும், முதுகை மறுபடி வெட்ட வேண்டும், புதுத் தோல் வாங்க வேண்டும், நான் தப்பாக வெட்டினேன் என்று ஊருக்கெல்லாம் தெரிய வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நான் முப்பது வருஷமா கோட் வெட்டறேன், நீ எனக்குச் சொல்லித் தர்றியா, இஷ்டம்னா போடு, இல்லைன்னா கழட்டி எறி என்று கத்தினேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. அதற்கப்புறம் அவன் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டு, என் மெஷின் இருக்கிற ஜன்னலைத் தாண்டி, கையாட்டிவிட்டுப் போவான். பார்த்தாயா, தளர்ந்துவிட்டது என்று நான் உங்கள் அம்மாவிடம் பெருமையாகச் சொல்வேன்.

அவன் விழுந்த நாளும் அதற்குப் பிறகு பதினோரு நாளும் உனக்குத் தெரியாதது இல்லை, நீயும் வார்டு வாசலில் நின்றவள்தான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என்னால் கடைசி வரை போக முடியும். தூறல், வளைவில் மணல், வண்டி சறுக்கி அவனை முதுகோடும் தோளோடும் இழுத்துக்கொண்டு போயிற்று. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது, எலும்பு ஒன்றும் முறியவில்லை, பிழைத்துக்கொள்வான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தோல்தான் போயிற்று, இரண்டு தோளிலும் முதுகு முழுக்கவும். தடிமனா ஏதாவது போட்டிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அந்தப் புண்ணில் விஷம் ஏறி, காய்ச்சலாகி, ரத்தத்தில் கலந்துவிட்டது. ஜாக்கெட் வண்டியின் பின் சீட்டில் மடித்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது, ஒரு கீறல் இல்லை. மூன்றாம் நாள் அவன் பேசுகிற நிலையில் இருந்தபோது அம்மா கேட்டாள், அப்பா பார்த்துப் பார்த்துத் தைச்சுக் குடுத்தாரே, ஏன்டா போடலை என்று. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பி, வெக்கையா இருந்துச்சும்மா என்றான்.

தூறல் நாளில் என்ன வெக்கை. அது பொய் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும், யாருக்காகச் சொல்கிறான் என்றும் தெரியும். நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, வளைவுக்கு முன்னால் டயர் கடை வைத்திருக்கிற அவனுடைய மெக்கானிக் சிநேகிதன், விழுந்த வண்டியைத் தன் கடையில் எடுத்து வைத்திருந்தவன், ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். வீட்ல இருந்து எங்க கடை வரைக்கும் போட்டுட்டு வருவான், இங்க நிறுத்திக் கழட்டிக் கட்டிப்பான், சாயந்திரம் திரும்பும்போது இங்கயே நின்னு மாட்டிக்கிட்டுப் போவான், கேட்டா அப்பா ஆசையா தைச்சது, மனசு கஷ்டப்படும்பான் என்றான். எட்டு மாதம், மழையிலும் வெயிலிலும், தினமும் இரண்டு தடவை. நான் அந்த மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, இதை வீட்ல சொல்லிடாதப்பா என்று கேட்டுக்கொண்டேன். அவனும் சொல்லவில்லை. இந்த ஐந்து வருடமாக உன் அம்மா உன் அண்ணனை நினைத்து அழுததை விடத் திட்டியதுதான் அதிகம். மாதம் ஒரு தடவை அந்த ஜாக்கெட்டை எடுத்து, துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே, பெத்தவன் தைச்சுக் குடுத்ததைப் போட்டுட்டுப் போகத் துப்பில்லை, திமிரு, திமிரு என்று சொல்வாள். நீயும் ஒரு தடவை அண்ணனுக்கு எப்பவும் அலட்சியம்தான் என்று சொன்னாய், உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்கு வேறு என்ன தெரியும். நான் பக்கத்து அறையில் மெஷினை ஓட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். செத்துப்போன பிள்ளை மேல் பழியைப் போட்டுவிட்டு அவன் அப்பன் நிம்மதியாகச் சோறு தின்றிருக்கிறான். நிம்மதி என்று எழுதியது தப்பு, ஆனால் தின்றேன் என்பது நிஜம்.

நீ ஜாக்கெட்டைக் கேட்டதும் அம்மாவுக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சந்தோஷம். இவளாவது போட்டுக்கட்டும் என்று சொல்லி, அதை எடுத்துத் துடைத்து, பார்சல் கட்டக் கயிறெல்லாம் தேடி வைத்துவிட்டாள். நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். போன வாரம் ஒரு மத்தியானம், கடைக்கு யாரும் வராத நேரம், அதைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரே தோள்தானே, அளவு சரியா இருக்கான்னு பாருங்க என்று போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். உனக்கும் அவளுக்கும் மட்டுமா, அவனும் உங்கள் உடல்வாகுதானே, நிற்கும்போது அவளுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. இந்தத் தடவையும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது உனக்கு வந்துவிடும், நீயும் உன் அண்ணன் மாதிரிதான், அப்பா மனசு கஷ்டப்படும் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய், கழற்றிப் பின்னால் கட்டிக்கொள்வாய். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாற்காலியை எடுத்து முதுகுப்பக்கம் முன்னால் வருகிற மாதிரி திருப்பிப் போட்டேன், துணி அளக்கிற கஜக்கோலை அதன் மேல் குறுக்கே வைத்தேன், வண்டியில உட்கார்ற மாதிரி உட்கார்ந்து இதைப் பிடி என்றேன். இந்த வயசுல என்னங்க இதெல்லாம் என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். கையை நீட்டிக் கோலைப் பிடித்தாள். முதுகில் தோல் விறைத்து நின்றது, ஜாக்கெட்டின் கை இரண்டும் மணிக்கட்டிலிருந்து நாலு விரல் மேலே ஏறின, இடுப்புக்குப் பின்னால் ஜாக்கெட் தூக்கிக்கொண்டது. இழுக்குதே என்றாள். இன்னும் கொஞ்சம் குனி என்றேன். முடியலையே, தோளைப் பிடிச்சு இழுக்குது, இதைப் போட்டுட்டு அவன் எப்படி வண்டி ஓட்டினான் என்று கேட்டாள். கோலை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமலே, அவன் உங்ககிட்ட சொன்னானா என்றாள். மூணு தடவை சொன்னான் என்றேன்.

மெக்கானிக் சொன்னதையும் சொன்னேன். அவள் எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள், குழாயைத் திறந்துவிட்டாள், ரொம்ப நேரம் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நாலு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் அவளுக்கும் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சண்டை போடாத மாதம் கிடையாது, இது சண்டை இல்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த நாலு நாளும் அவன் படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உன்னைப் போய்த் திட்டிட்டேனேடா, உன்னைப் போய்த் திட்டிட்டேனேடா என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அஞ்சாம் நாள் வந்து, அவளுக்கு எழுதுங்க என்றாள். அளவு மட்டும் எழுதாதீங்க, எல்லாத்தையும் எழுதுங்க, அவளும் அவனைத் தப்பா நினைச்சுக்கிட்டு அங்க தனியா இருக்கா என்றாள். ஜாக்கெட்டை இனி அலமாரியில் வைக்க வேண்டாம் என்று என் மெஷினுக்கு எதிரே ஆணியில் மாட்டிவிட்டாள். எதுக்கு இங்கே என்று கேட்டேன். நீங்க பார்க்கத்தான் என்றாள். இப்போது எழுதும்போதும் எதிரே தொங்குகிறது, முதுகில் ஒரு சுருக்கம் கிடையாது.

ஆகையால் அம்மாடி, நான் சொல்லப்போவதைத் தையல்காரன் சொல்வதாகக் கேட்காதே, தப்புப் பண்ணினவன் சொல்வதாகக் கேள். கடைக்குப் போகும்போது வேலைக்குப் போடுகிற உடுப்போடே போ, குளிருக்கு உள்ளே ஸ்வெட்டர் போடுவாய் என்றால் அதையும் போட்டுக்கொண்டு போ. ஜாக்கெட்டை மாட்டியதும் கண்ணாடிக்குப் போகாதே. வாசலில் உன் வண்டி நிற்கும், அதில் போய் உட்கார், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், விடாவிட்டால் ஒரு நாற்காலியாவது கேட்டுத் திருப்பிப் போட்டு உட்கார். கையை நீட்டு, குனி, இரண்டு பக்கமும் திரும்பிப் பார், மூச்சை நன்றாக இழுத்து விடு. மணிக்கட்டு எலும்பு மூடியிருக்க வேண்டும், இடுப்பு தெரியக்கூடாது, காலர் தொண்டையில் இடிக்கக்கூடாது, பேட் முழங்கை மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தொளதொள என்றும் இருக்கக்கூடாது, விழும்போது பேட் நகர்ந்துவிடும், உடம்போடு ஒட்டி இருக்கட்டும், ஆனால் எங்கேயும் பிடித்து இழுக்கக்கூடாது. கால் மணி நேரமாவது அப்படியே உட்கார்ந்திரு, மரத்துப்போவது உடனே தெரியாது. தோளுக்குப் பின்னால் மடிப்பு வைத்ததாகப் பார்த்து வாங்கு. அப்படிப்பட்டது எழுந்து நின்றால் முதுகில் கொஞ்சம் புடைக்கும், கை நீளமாகத் தெரியும், பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது, அதுதான் சரி. பழகப் பழகத் தளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு உனக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும், அதை நான் எதிர்பார்த்துத்தான் எழுதுகிறேன். மன்னித்துவிட்டேன்ப்பா என்று அவசரப்பட்டு எழுதாதே. உன் அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை, அது மட்டும் உன் மனசில் நன்றாகப் பதியட்டும், அவன் அலட்சியமாகப் போகவில்லை, என் மனசுக்குப் பயந்து போனான். உங்கள் இரண்டு பேரையும் சின்ன வயசிலிருந்து நிமிர்ந்து நில், நிமிர்ந்து நில் என்று சொல்லியே வளர்த்தேன், எதிர்த்துச் சொல் என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா தினமும் சாப்பிடச் சொன்னாள், மழை நாளில் வளைவில் மெதுவாகத் திரும்பச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடச் சொன்னாள், அவள் குரல் கம்மியிருந்தால் காரணம் கேட்காமல் கொஞ்ச நேரம் சும்மா பேசிக்கொண்டிரு. நீ தொட்ட புண்ணெல்லாம் ஆற வேண்டும், போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல வழியாக இருக்க வேண்டும், நீ நூறு வயசு வரை சுகமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வேண்டிக்கொள்கிறோம்.

இந்தக் கவரில் என் பழைய டேப்பையும் வைத்திருக்கிறேன். ஜாக்கெட் வாங்கியதும், அதைப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து, அங்கிருந்தே எனக்குப் போன் செய். எங்கே இழுக்கிறது என்று சொல். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல், நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா